அலங்காரமும் பிடிமானமும்

தன் உடைமையை அழகுபடுத்திப் பார்க்க விரும்புவது மனித இயல்பு. வீட்டு வாசலுக்கு வளைவு கட்டுகிறான். நிலைக்கதவில் பூவேலை செய்கிறான். மாட்டு வண்டி ஓட்டிய நாளில் மாட்டின் கொம்புக்கு வர்ணம் பூசினான், கழுத்துக்கு மணி கட்டினான். மோட்டார் வாகனம் வந்த பின்னும் அந்த ஆசை அவனை விட்டுப் போகவில்லை. இஸ்லாம் அழகை வெறுக்கும் மார்க்கம் அன்று. வீண் விரயத்தையும், பிறரை இழிவாக எண்ணும் பெருமையையுமே அது கடிந்துரைக்கிறது. எனினும், எந்த அலங்காரத்திற்கும் ஒரு பிடிமானம் வேண்டும். வெளிப்பக்கத்தின் பளபளப்பை எல்லோரும் பார்க்கின்றனர். உட்பக்கத்தில் அதைத் தாங்கி நிற்பது எது என்று குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. ஷார்ஜாவின் தொழிற்பேட்டையில் கார்களின் வெளித்தகடுகளைச் செப்பனிடும் தொழிலில் இருபத்திரண்டு ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், இந்த உண்மையைச் சிறியதொரு பொருளின் வாயிலாக வாசகப் பெருமக்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அந்தப் பொருளுக்கு 'சைட் ஸ்கர்ட்' என்று பெயர். காரின் இரு பக்கங்களிலும் கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரம் தொடங்கிப் பின் சக்கரம் வரை ஓடும் நீண்ட பட்டை அது. வண்டியைத் தரைக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றச் செய்யும். நின்றிருக்கும் வண்டியும் பாயத் தயாராக இருப்பதுபோல் காட்டும். தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருவது ஒரு வகை. பின்னர் கடையில் வாங்கி ஒட்டிக்கொள்வது மற்றொரு வகை. நான் சொல்லப்போவது இந்த இரண்டாம் வகையைப் பற்றி.

'இதற்கும் நம் குடும்பங்களுக்கும் என்ன தொடர்பு?' என்று சகோதரிகள் கேட்கலாம். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற நம் பிள்ளைகள், ஊரில் கனவிலும் வாங்க முடியாத விளையாட்டுக் கார்களை அங்கே பழைய விலைக்கு வாங்கி ஓட்டுகின்றனர். கைக்கு வந்த வண்டியை அலங்கரிக்கின்றனர். பிறகு வேலை மாறும்போதோ, ஊர் திரும்பும்போதோ அவசரமாக விற்கின்றனர். அந்த வாங்கலிலும் விற்றலிலும் அவர்களுடைய சம்பாத்தியமும், சில வேளைகளில் அவர்களுடைய நேர்மையும் பணயமாக வைக்கப்படுகின்றன.

இப்பட்டையின் வரலாறு சுவையானது. அது பிறந்தது பந்தயக் களத்தில். 1977ஆம் ஆண்டில் லோட்டஸ் நிறுவனம் தன் 78ஆம் எண் பந்தயக் காரை ஓடவிட்டது. வண்டியின் அடிப்புறத்தைத் தலைகீழான இறக்கையின் வடிவில் அமைத்தால், அடியில் ஓடும் காற்றின் அழுத்தம் குறைந்து, வண்டி தரையோடு இழுத்துப் பிடிக்கப்படும் என்பதை அதன் பொறியாளர்கள் கண்டனர். பக்கவாட்டிலிருந்து வெளிக்காற்று உள்ளே புகுந்துவிட்டால் அந்த இழுவிசை போய்விடும். அதைத் தடுக்கவே வண்டியின் இரு விளிம்புகளிலும் தரையைத் தொடும் தடுப்புப் பட்டைகளைத் தொங்கவிட்டனர். அடுத்து வந்த 79ஆம் எண் காரிலும் அதே உத்தி கையாளப்பட, 1978இல் மரியோ ஆண்ட்ரெட்டி உலக வாகையர் பட்டம் வென்றார். ஆனால் ஓடும்போது அந்தப் பட்டை எங்கேனும் சிக்கி மேலே நின்றுவிட்டால், வளைவில் பாய்ந்துகொண்டிருக்கும் வண்டி ஒரே கணத்தில் தன் பிடிப்பை இழக்கும். ஏறி இறங்கும் பட்டைகள் 1981 முதல் தடை செய்யப்பட்டன. 1983இல் வண்டியின் அடிப்புறமே தட்டையாக இருக்க வேண்டும் என்ற விதி வந்தது.

பந்தயக் களத்தில் ஒரு வேலைக்காகப் பிறந்த பட்டை, சாலைக் கார்களில் பெரும்பாலும் தோற்றத்திற்காகவே நிலைத்துவிட்டது. தோற்றத்திற்கான பொருள்தானே என்று அதைப் பொருத்துபவர்களும் அலட்சியமாகப் பொருத்துகின்றனர். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் என் தங்கையின் மகன் தன் வண்டியை என்னிடம் கொண்டுவந்தான். நிஸ்ஸான் நிறுவனம் 2002இல் அறிமுகப்படுத்திய 350 இஸட் என்னும் இரண்டு இருக்கை விளையாட்டுக் கார் அது. 2006ஆம் ஆண்டு மாதிரி. முந்தைய ஆண்டு ஒரு கடையில் அதற்கு பாலியூரிதேன் பட்டைகளை மாட்டியிருந்தான். இடப்பக்கப் பட்டை நடுவில் இரண்டு விரற்கடைக்கு மேல் தொய்ந்திருந்தது. வலப்பக்கப் பட்டையின் முன்முனை திருகாணியைப் பிய்த்துக்கொண்டு தொங்கியது. அவனுக்குக் கத்தார் நாட்டில் புது வேலை கிடைத்திருந்தது. இரண்டு வாரத்தில் புறப்பட வேண்டும். நண்பர்கள் இருவரிடம் கைமாற்றாக வாங்கிய தொகை பாக்கி நின்றது. வண்டியை விற்றுக் கடனை அடைத்துவிட்டுக் கிளம்புவது அவன் திட்டம். வாங்குபவர் மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"மாமா, இரண்டு திருகாணி போட்டு இழுத்து நிறுத்திவிடுங்கள். வருகிறவர் மேலேதான் பார்ப்பார். தரையில் படுத்தா பார்க்கப்போகிறார்? ஒரு வாரம் நின்றால் போதும்" என்றான்.

"ஒரு வாரம் நிற்கிற வேலை எனக்குத் தெரியாது, தம்பி. முதலில் கழற்றிப் பார்ப்போம்" என்றேன்.

அவன் முகம் வாடியது. கடனோடு எல்லை கடக்க அஞ்சும் பிள்ளை அவன். அந்த அச்சம் நல்ல அச்சம். ஆனால் ஒரு கடனை அடைப்பதற்காக வேறொருவரின் தலையில் மறைவாக ஒரு நட்டத்தைச் சுமத்தினால், அதுவும் அடைக்கப்படாத கடனாகவே நிற்கும் அல்லவா?

பட்டை ஏன் தொய்கிறது என்பதை இங்கே விளக்க வேண்டும். நம் இல்லத்தரசிகளுக்கு இது எளிதில் விளங்கும். துணி உலர்த்தும் கொடியை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு அடி நீளக் கொடி விறைப்பாகக் கட்டப்பட்டிருக்கிறது. அது ஓர் அங்குலம் மட்டும் நீண்டுவிட்டது என்று கொள்வோம். நடுவில் எவ்வளவு தொய்யும்? ஓர் அங்குலம் என்று தோன்றும். உண்மையில் ஏழு அங்குலம் தொய்யும். இரு முனைகளும் அசையாமல் இருக்கும்போது, நீளத்தில் ஏற்படும் சிறு மிகுதி நடுவில் பெருந்தொய்வாக வெளிப்படுகிறது.

காரிலும் இதுவே நிகழ்கிறது. ஷார்ஜாவில் கோடைக்கால நிழலிலேயே வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்குவதற்கு அரசே தடை விதித்திருக்கிறது என்றால் வெயிலின் கொடுமையை ஊகித்துக்கொள்ளலாம். வெயிலில் நிற்கும் கறுப்புப் பட்டையின் மேற்பரப்பு 65 டிகிரிக்கு மேல் சுடும். குளிர்கால இரவில் அதுவே 15 டிகிரிக்கு இறங்கிவிடும். இந்த 50 டிகிரி வேறுபாட்டில், 1.8 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தகடு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளும். பட்டைக்குப் பயன்படும் பிளாஸ்டிக் வகைகளோ எஃகைவிடக் குறைந்தது ஆறேழு மடங்கு விரிபவை. ஆகவே பட்டை 7 மில்லிமீட்டர் வரை நீளும். மிகுதியான அந்த 6 மில்லிமீட்டர் எங்கே போகும்? இரு முனைகளையும் அசைய விடாமல் முடுக்கிவிட்டால், கணக்கின்படி நடுவில் இரண்டு அங்குலத்திற்கும் மேல் தொய்வாக இறங்கும். வெப்பத்தில் இளகிய பாலியூரிதேன் தன் எடையாலேயே அந்த வளைவில் படிந்து, பிறகு குளிர்ந்தாலும் முழுமையாக நிமிர்வதில்லை.

கண்ணாடி இழைப் பட்டை இவ்வளவு விரிவதில்லை. ஆனால் விறைப்பானது, வேகத்தடையில் ஒருமுறை இடித்தால் திருகாணித் துளையைச் சுற்றி வெடித்து, அங்கிருந்து தொங்கத் தொடங்கும். ஆக, எங்கே தொய்கிறது என்று பார்த்தாலே ஏன் தொய்கிறது என்பது பாதி விளங்கிவிடும். முனை தொங்கினால் திருகாணி பிய்ந்திருக்கிறது. நடு தொங்கினால் கீழ்த் தாங்கல் இல்லை. மேல்விளிம்பு முழுவதும் வாய் பிளந்தால் ஒட்டுநாடா தோற்றுவிட்டது.

இதனால் யாருக்கு என்ன கேடு என்று இளைஞர்கள் நினைக்கக்கூடும். தொங்கும் பட்டைக்குள் காற்று புகும். நெடுஞ்சாலையில் வேகம் கூடக்கூட அந்தக் காற்று அதைப் பிய்த்து எறியப் பார்க்கும். ஒருநாள் எறிந்தும் விடும். பின்னால் வருபவர் காரில் வந்தால் அவருக்குக் கண்ணாடியோ டயரோ போகலாம். உணவுப் பொட்டலத்தை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வரும் ஏழைத் தொழிலாளியாக இருந்தால்? அவரை நம்பி எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு குடும்பம் இருக்குமே! பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறியிருக்கிறார்கள். கிடக்கும் இடையூறை அகற்றுவதே ஈமானின் பகுதியானால், விழப்போகும் இடையூறை நம் வண்டியிலேயே சுமந்து திரிவதற்கு என்ன பெயர் சூட்டுவது?

அன்று இஷாத் தொழுகைக்குப் பின் பட்டறை முதலாளியின் அனுமதியோடு வேலையைத் தொடங்கினோம். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, தாங்கிகளின்மேல் நிறுத்தினோம். சக்கர வளைவுகளின் உட்புறத்திலும் அடிப்புறத்திலும் இருந்த திருகாணிகளைக் கழற்றினோம். மேல்விளிம்பின் ஒட்டுநாடாவை இழுத்துப் பிய்த்தால் வர்ணமும் சேர்ந்து வந்துவிடும். ஆகவே வெப்பக்காற்றால் அதை இளக்கி, மீன்பிடிக்கும் நைலான் நரம்பைப் பட்டைக்கும் தகடுக்கும் இடையே நுழைத்து, ரம்பம்போல் இருபுறமும் இழுத்து அறுத்தோம். கடற்கரை ஊரில் பிறந்தவனுக்கு அந்த நரம்பு பழகிய கருவிதானே!

பட்டை கையோடு வந்தது. உட்புறத்தைக் கண்டதும் என் மருமகன் பேச்சற்று நின்றான்.

ஒட்டுநாடாவின் பசைமுகத்தில் மணல் அப்பியிருந்தது. தூசியைத் துடைக்காமலே ஒட்டியிருக்கின்றனர். ஒன்றே முக்கால் மீட்டருக்கு மேற்பட்ட நீளத்திற்கு ஒவ்வொரு முனையிலும் இரண்டு திருகாணிகள், நடுவில் ஒன்றுகூட இல்லை. குறைந்த பிடிப்பை ஈடுகட்ட, கட்டடங்களில் பூசும் சிலிக்கோன் பசையை அள்ளி அப்பியிருக்கின்றனர். உலரும்போது காடி வாடை அடிக்கும் மலிவான சிலிக்கோனிலிருந்து அசெட்டிக் அமிலம் வெளியாகும். வர்ணம் போன எஃகை அது அரிக்கும். போதாக்குறைக்கு, கதவின் கீழ்ப்பகுதிக்குள் புகும் நீர் வடிவதற்காகத் தொழிற்சாலையில் விடப்பட்டிருந்த துளைகளில் இரண்டை அந்தப் பசையே அடைத்திருந்தது. திருகாணிக்காகப் புதிதாகத் துளைத்த இடங்களில் வர்ணமோ பிரைமரோ தொட்டதற்கான அடையாளமே இல்லை. வலப்பக்கத்து முன்துளையைச் சுற்றி, ஒரு திர்ஹம் நாணய அளவுக்குத் துரு பூத்திருந்தது. தகடு பொத்துப்போகவில்லை, மேல்தோல் மட்டுமே அரிக்கப்பட்டிருந்தது. இன்னும் ஓரிரு ஆண்டு அப்படியே விட்டிருந்தால் பொத்தும் போயிருக்கும்.

"இதை மூடி மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும், மாமா?" என்று மெல்லிய குரலில் கேட்டான். கேட்ட பிறகு அவனே தலைகுனிந்தான்.

நான் அவனுக்கு நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் நிகழ்ந்ததை நினைவூட்டினேன். கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கண்ட பெருமானார் அவர்கள், அதனுள்ளே கையை நுழைத்துப் பார்த்தார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று விற்பவர் காரணம் கூறினார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நாயகம் அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியை நம்மில் பலர் பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். தானியம் நனைந்தது விற்றவரின் குற்றம் அன்று. மழை இறைவன் அனுப்பியது. நனைந்ததை அடியில் வைத்ததே குற்றம். என் மருமகனின் வண்டியில் துரு பிடித்ததும் அவன் குற்றமன்று. அதன்மேல் பட்டையை மூடி விலை பேசினால், அந்த மூடுதல் அவனுடையதாகிவிடும்.

சற்று நேரம் மௌனமாக இருந்தவன், தன் கைப்பேசியை எடுத்துத் துருவையும் அடைபட்ட துளைகளையும் படம் பிடித்துக்கொண்டான். "வருகிறவரிடம் காட்டிவிடுகிறேன்" என்றான்.

பிறகு நடந்த வேலையை, பயன்படக்கூடியவர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சிலிக்கோனை ஒரு துணுக்கும் விடாமல் சுரண்டி எடுக்க வேண்டும். அதன் சுவடு இருக்கும் இடத்தில் வர்ணமும் பிடிக்காது, பசையும் பிடிக்காது. அடைபட்ட நீர்த்துளைகளைத் திறந்தோம். துருவை உப்புத்தாளால் எஃகு வெள்ளையாக மின்னும்வரை தேய்த்து, எபாக்சி பிரைமர் பூசி, உலர்ந்த பின் வர்ணம் கொடுத்தோம். தேவையற்ற பழைய துளைகளை மூடினோம். தேவையானவற்றின் விளிம்புகளுக்கும் வர்ணம் தொட்டோம்.

இரண்டாவது, வளைந்த பட்டையை நிமிர்த்துவது. தொய்ந்த நிலையிலேயே தூக்கிப் பிடித்து முடுக்கினால், அது ஓயாமல் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். பட்டையைச் சமமான பலகையில் கிடத்தி, வெப்பக்காற்றை ஓரிடத்தில் நிறுத்தாமல் நீளவாக்கில் ஓட்டி, கை பொறுக்காத அளவுக்குச் சூடேற்றினோம். நேராக்கி, மணல் மூட்டைகளை வரிசையாக மேலே வைத்து, இரவு முழுவதும் ஆறவிட்டோம். சூட்டில் கற்ற வளைவைச் சூட்டில்தான் மறக்கும்; ஆறும்போது எந்த வடிவில் பிடித்து வைத்திருக்கிறோமோ அந்த வடிவில் நிற்கும்.

மூன்றாவது, தாங்கல். பட்டையின் கீழ்விளிம்பு நெடுகிலும் ஏறத்தாழ ஓர் அடிக்கு ஒன்றாக, ஐந்து சிறிய 'எல்' வடிவ எஃகுத் தாங்கிகளை அடிப்புறத்தில் அமைத்தோம். நடுவில் உள்ள தாங்கிக்கு மட்டும் வட்டத் துளை. மற்ற நான்கிற்கும் நீள்துளை. அகன்ற வாஷர் இட்டு, பட்டை நழுவக்கூடிய அளவுக்கே முடுக்கினோம். இரு முனைகளிலும் அவ்வாறே. நடுவில் நிலைத்து நிற்கும் பட்டை, வெயிலில் இருபுறமும் நீளலாம், இரவில் சுருங்கலாம். விரிவதற்கு இடம் கொடுத்துப் பிடித்தால் தொய்வதில்லை.

நான்காவது, ஒட்டுநாடா. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமபங்கு கலந்து இரு பரப்புகளையும் துடைத்து, பட்டையின் விளிம்பில் பிடிப்பைக் கூட்டும் திரவத்தைத் தடவி, உலர்ந்த பின் கார்களுக்கென்றே வரும் தரமான இருபக்க நாடாவை ஒட்டினோம். சுடும் தகட்டிலும் குளிர்ந்த தகட்டிலும் இந்த நாடா சரியாகப் பிடிக்காது. 21 முதல் 38 டிகிரி வரை உகந்தது. கோடையில் அதற்கு நிழலும் இரவும்தான் துணை. ஒட்டியவுடன் விரலால் நெடுகிலும் அழுத்த வேண்டும். இருபது நிமிடத்தில் பாதிப் பிடிப்பு வரும்; ஒரு நாளில் பத்தில் ஒன்பது பங்கு; முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும். அதுவரை வண்டியைக் கழுவவோ நெடுஞ்சாலையில் விரட்டவோ கூடாது. எடையைத் தாங்குவது தாங்கிகளின் வேலை. விளிம்பை வாய் பிளக்காமல் மூடி வைப்பது நாடாவின் வேலை. ஒன்றின் பாரத்தை மற்றொன்றின்மேல் ஏற்றினால் இரண்டும் தோற்கும்.

ஜாக்கி வைக்கும் இடங்களைப் பட்டை மறைக்காதவாறு இடம் விட்டதையும் குறிப்பிட வேண்டும். அதைக் கவனிக்காமல் பட்டையின்மேலேயே ஜாக்கி கொடுத்து நொறுக்கிய வண்டிகள் எங்கள் பட்டறைக்கு நிறைய வந்திருக்கின்றன.

வெள்ளியன்று வாங்க வந்தவர் வேலை நடப்பதைக் கண்டார். மருமகன் படங்களைக் காட்டினான். நடந்ததை மறைக்காமல் சொன்னான். மூன்று நாள் பொறுத்து வந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டான். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போனார். திரும்பி வரவில்லை.

"உண்மை சொன்னதற்குக் கிடைத்த பலன் இதுதானா, மாமா?" என்று அன்றிரவு கேட்டான். என்னிடம் பதில் இல்லை. நேர்மையாக நடந்தால் உடனே இலாபம் வரும் என்று மார்க்கம் நமக்கு வாக்களிக்கவில்லை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்றுதான் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். பரக்கத் எப்போது, எந்த உருவில் வரும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

ஆறு நாள் கழித்து எகிப்து நாட்டுச் சகோதரர் ஒருவர் வந்தார். வந்ததும் எதுவும் பேசாமல் தரையில் மண்டியிட்டு, பட்டையின் அடியில் கையை ஓட்டி, பிடித்து அசைத்துப் பார்த்தார். மருமகன் படங்களை நீட்டினான். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, துருவுக்காக ஆயிரம் திர்ஹத்தைக் குறைத்துக் கேட்டார். வேறு எதைப் பற்றியும் பேரம் பேசவில்லை. விற்பனை முடிந்தது. கடன் கொடுத்த நண்பர்களில் ஒருவருக்கு முழுத் தொகையும், மற்றவருக்கு ஆயிரம் குறைவாகவும் கொடுத்து, மீதிக்குத் தவணை கேட்டு, எழுத்து மூலம் உறுதி அளித்துவிட்டுத்தான் என் மருமகன் விமானம் ஏறினான். தோஹாவிலிருந்து இரண்டு மாதத்தில் அந்த ஆயிரமும் வந்து சேர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

சாவியைக் கொடுத்தபோது, ஜாக்கி எங்கே வைக்க வேண்டும், நீர்த்துளைகள் எங்கே உள்ளன என்று வாங்கியவரையும் தரையில் குனிய வைத்து அவன் தானாகவே காட்டினான். நான் சொல்லச் சொல்லவில்லை.

பழைய காரை வாங்க நினைக்கும் நம் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். அலங்காரப் பட்டை மாட்டிய வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரு பக்கங்களிலும் தரைக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளியை முன்முனை, நடு, பின்முனை என மூன்று இடங்களில் ஒப்பிடுங்கள். கையால் அசைத்துப் பாருங்கள். அடியில் எத்தனை பிடிப்புகள் உள்ளன என்று எண்ணுங்கள். துளைகளைச் சுற்றிப் பழுப்புநிறம் தெரிகிறதா என்று கவனியுங்கள். புதிதாக மாட்டுவதானால், "உள்ளே என்ன பிடிப்புப் போடுகிறீர்கள்? துளைத்த இடத்திற்கு என்ன பூசுகிறீர்கள்?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வண்டியை விடாதீர்கள். அலங்காரத்திற்கென ஒதுக்கிய தொகையில் பிடிமானத்திற்குப் பங்கில்லை என்றால், அந்த அலங்காரத்தை ஒத்திப்போடுவதே மேல்.

தொழில் செய்யும் சகோதரர்களுக்கும் ஒன்று சொல்வேன். நம் வேலையின் பெரும்பகுதி மூடி மறைக்கப்படும் இடத்தில்தான் நடக்கிறது. தையற்காரரின் உள்தையல், கொத்தனாரின் அடித்தளம், சமையற்காரரின் பாத்திரம் கழுவுதல், எங்களைப் போன்றோரின் துளையோர வர்ணம் இவற்றையெல்லாம் வாடிக்கையாளர் பார்ப்பதில்லை. பார்க்காத இடத்தை நம்மை நம்பி ஒப்படைக்கிறார். அது அமானிதம். நாம் அங்கே என்ன செய்தோம் என்பதை ஒருநாள் வேறொரு தொழிலாளி கழற்றிப் பார்த்து அறிவார். அவர் அறியாவிட்டாலும், மறைவானவற்றையெல்லாம் அறிந்தவன் அறிவான். மறைவிடத்திலும் செம்மையாக வேலை செய்யும் கைகளை அவன் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.